படித்தவர்களுக்கு என்ன தனிக் கணக்கு?

கடந்த மாரிகாலத்தில் எமது சங்கத்தின் நிர்வாகக் கூட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில், நாட்டை விட்டு வெளியேறிய ஆய்வாளர்களுக்கு உதவும் தொண்டர்கள் எழுதியிருந்தார்கள். துருக்கியிலிருந்து ஒரு சமூகவியல் ஆய்வாளர் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வந்திருக்கிறார். பல்கலைக்கழகம் இரண்டு வருட உதவித்தொகை கொடுத்திருக்கிறது. இரண்டு வருட ஒப்பந்தத்தைப் பார்த்து வீடு கொடுக்க எவரும் முன்வரவில்லை. உங்கள் சமூகத்தில் யாரிடமாவது வாடகைக்கு வீடு இருக்குமா, பழைய தளபாடங்கள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள்.

கடிதம் வாசித்து முடிந்ததும் மூத்த அங்கத்தவர் ஒருவர் எழுந்தார். "வன்னியிலை இருக்கிற எங்கடை பிள்ளையளுக்கு அனுப்பவே காசு காணாது. உந்தப் படிச்ச ஆக்களுக்கு என்ன குறை? அவையளுக்கு எங்கையும் வேலை கிடைக்கும்" என்றார். பலர் தலையாட்டினார்கள். நாங்களும் அன்று பேசாமல் இருந்தோம்.

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரில் வணிகமாணிப் பட்டம் பெற்று, ஜேர்மனிக்கு வந்து ஏழு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகுதான் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் மேசைக்கு வந்தவர்கள் நாங்கள். எங்கள் பட்டத்துக்கு எவரும் உதவித்தொகை தரவில்லை. ஆனாலும் கணக்குப் பார்க்கிறவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிவிட்டுப் புத்தகத்தை மூடக் கூடாது. எனவே மறுபக்கத்தையும் தேடி வாசித்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

கல்விச் சுதந்திரம் என்றால் என்ன?

இதை எங்கள் தொழில் மொழியில் சொன்னால் இலகுவாக விளங்கும். ஒரு கம்பனியின் கணக்கைக் கணக்காய்வாளர் பரிசோதிக்கிறார். அவரை நியமிப்பதும் நீக்குவதும் காசாளரின் கையில் இருந்தால் அந்த அறிக்கைக்குப் பெறுமதி கிடையாது. கணக்காய்வாளருக்கு நாம் கொடுக்கும் சுயாதீனம் அவருடைய சொந்த வசதிக்காக அல்ல; பங்குதாரர்கள் ஏமாறாமல் இருப்பதற்காக.

பல்கலைக்கழகமும் அப்படித்தான். எதை ஆராய்வது, எதைக் கற்பிப்பது, கண்டதை எங்கே வெளியிடுவது என்பதை ஆளுங்கட்சியைக் கேட்காமல் தீர்மானிக்கும் உரிமைதான் கல்விச் சுதந்திரம். ஒரு பிரதேசத்தில் எத்தனை பேர் வறுமையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் காணாமல் போனார்கள், ஆற்று நீரில் என்ன நஞ்சு கலந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்பவர்கள் ஆய்வாளர்கள். அந்த எண்ணிக்கை ஆட்சியாளருக்குப் பிடிக்காதபோதுதான் அவர்களுக்குச் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஆராய்ச்சிக்கு இன்றியமையாத சுதந்திரத்தை மதிக்க வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 15ஆவது உறுப்புரை கூறுகிறது. ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 5ஆவது உறுப்புரையும் ஆராய்ச்சியும் கற்பித்தலும் சுதந்திரமானவை என்கிறது. அந்த வரி அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

1933: ஒரு சட்டம், ஆயிரம் வேலைநீக்கங்கள்

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். ஏப்ரல் 7ஆம் திகதியே ஒரு சட்டம் வந்தது. பெயர் மிக அழகானது: தொழில்முறை அரசசேவையை மீளமைக்கும் சட்டம். உள்ளே இருந்ததோ யூதர்களையும் அரசியல்ரீதியாக நம்பத்தகாதவர்களையும் அரச வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம். ஜேர்மனியில் பேராசிரியர்கள் அரச ஊழியர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். மே 10ஆம் திகதி பேர்லினில் மாணவர்களே புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். புத்தகம் எரியும் வாசனை என்னவென்று அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வசந்த காலத்தில், இலண்டன் பொருளியல் கல்லூரியின் பணிப்பாளர் வில்லியம் பெவரிஜ் வியன்னாவில் இருந்தார். வேலைநீக்கப்பட்ட பேராசிரியர்களின் பெயர்களை அங்கே பத்திரிகையில் பார்த்தார். ஊர் திரும்பியதும் சில அறிஞர்களுடன் சேர்ந்து, 1933 மே மாதம் கல்வியாளர் உதவிச் சபை ஒன்றை ஆரம்பித்தார். அணுவிஞ்ஞானி ரதர்போர்ட் அதன் தலைவரானார். அக்டோபர் 3ஆம் திகதி இலண்டன் அல்பேர்ட் மண்டபத்தில் நடந்த நிதி சேகரிப்புக் கூட்டத்தில் ஐன்ஸ்டைன் பேசினார்.

கணக்காளர்களான எங்களுக்கு இதில் பிடித்தது காசு வந்த வழி. பெவரிஜின் கல்லூரி ஆசிரியர்கள் தங்கள் பதவிக்கு ஏற்றபடி சம்பளத்தில் ஒன்று முதல் மூன்று சதவீதம் வரை கொடுக்கச் சம்மதித்தார்கள். அது பொருளாதார மந்தத்தின் காலம். அந்நியர்கள் எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற முணுமுணுப்பு அங்கும் இருந்தது. சபை கொடுத்த உதவியும் பெருந்தொகை அல்ல. தனியாளுக்கு வருடத்துக்கு 182 பவுண்கள், குடும்பஸ்தருக்கு 250 பவுண்கள். வேறு வேலை கிடைக்கும் வரை உயிர்வாழப் போதுமான தொகை, அவ்வளவுதான். சபையின் செயலாளராக இருந்த எஸ்தர் சிம்சன் என்ற பெண்மணி, ஒவ்வொருவருக்கும் எந்த நாட்டில் எந்தக் கல்லூரியில் இடம் இருக்கிறது என்று கடிதம் எழுதி எழுதியே வருடங்களைக் கழித்தார்.

அந்த முதலீட்டின் வரவைப் பாருங்கள். சபை கைகொடுத்தவர்களில் 16 பேர் பின்னாளில் நோபல் பரிசு பெற்றார்கள். உடலின் உயிரணுக்கள் உணவைச் சக்தியாக மாற்றும் சுழற்சியைக் கண்டறிந்த ஹான்ஸ் கிரெப்ஸ் அவர்களில் ஒருவர். ஆனால் நோபலை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். காப்பாற்றும்போது அவர் யாராக வருவார் என்று எவருக்கும் தெரியாது. பரிசு பெறாத நூற்றுக்கணக்கானோர் அமைதியாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார்கள். அவர்களும் வரவுதான்.

இஸ்தான்புல் பேரேடு

இலண்டன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இஸ்தான்புல் கதை எங்களுக்குப் புதிது.

பிலிப் சுவார்ட்ஸ் பிராங்பேர்ட் பல்கலைக்கழகத்தின் நோய்க்குறியியல் பேராசிரியர். 1933 மார்ச்சில் குடும்பத்துடன் சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். சூரிச்சில் இருந்துகொண்டு, வேலையிழந்த ஜேர்மன் விஞ்ஞானிகளுக்கென ஒரு அமைப்பைத் தொடங்கி, யார் யார் எந்தத் துறையில் எங்கே தவிக்கிறார்கள் என்று ஒரு பட்டியலைத் தயாரித்தார். அதே நேரத்தில் துருக்கியில் அத்தாதுர்க்கின் அரசு பழைய உயர்கல்வி நிறுவனத்தை மூடிவிட்டுப் புதிய பல்கலைக்கழகத்தைக் கட்ட நினைத்தது. அதற்கு ஆலோசகராக இருந்தவர் ஜெனிவாப் பேராசிரியர் அல்பேர்ட் மால்ஷ். இருவருக்கும் தொடர்பு கிடைத்தது. ஜூலை 6ஆம் திகதி அங்காராவில் கல்வி அமைச்சர் ரெசித் காலிப்புடன் சுவார்ட்ஸ் மேசையில் அமர்ந்தார். எந்தத் துறைக்கு யார் என்று அமைச்சர் கேட்கக் கேட்க, தன் பட்டியலைப் பார்த்துப் பெயர் சொன்னார். ஒரே அமர்வில் ஏறக்குறைய முப்பது பேருக்கு வேலை உறுதியானது. ஆகஸ்ட் 1ஆம் திகதி இஸ்தான்புல் பல்கலைக்கழகம் பிறந்தது.

வந்தவர்களில் எங்கள் துறைக்காரர் இருவர். ஏர்ன்ஸ்ட் ஹிர்ஷ் வணிகச் சட்டக்காரர். சில வருடங்களிலேயே துருக்கி மொழியில் விரிவுரை நடத்தினார். அவர் வரைந்த துருக்கி வணிகச் சட்டக்கோவை 1957 தொடக்கம் 2012 வரை நடைமுறையில் இருந்தது. அதாவது 55 வருடங்கள் துருக்கியில் எந்த வியாபாரி ஒப்பந்தம் எழுதினாலும் ஒரு அகதியின் எழுத்து அதில் இருந்தது. பிரிட்ஸ் நொய்மார்க் பொதுநிதிப் பொருளியலாளர். 1949-50 காலத்தில் துருக்கியில் வந்த வருமானவரிச் சீர்திருத்தத்தில் அவருடைய பங்கு பெரிது. இலக்கியத்தில் எரிக் அவுவர்பாக், தன் புகழ்பெற்ற 'மிமேசிஸ்' நூலை இஸ்தான்புல்லில் இருந்துதான் எழுதினார்.

இந்தப் பேரேட்டில் செலவுப் பக்கமும் உண்டு. புதிய பல்கலைக்கழகம் திறந்தபோது பழைய நிறுவனத்தின் துருக்கி ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். வந்தவர்களுக்கு உள்ளூர்ப் பேராசிரியர்களைவிடப் பல மடங்கு சம்பளம். அதனால் மனக்கசப்பும் வந்தது. அரசியலில் ஈடுபடக் கூடாது என்பது ஒப்பந்த நிபந்தனை. அடைக்கலம் கொடுத்த அரசும் ஜனநாயக அரசு அல்ல. ஒரு நாட்டில் நீக்கப்பட்டவரின் கதிரை, இன்னொரு நாட்டில் நீக்கப்பட்டவரின் கதிரையாகவும் இருக்கலாம் என்பதை மறைக்க முடியாது.

1941இல் நாஸி அரசு நாட்டுக்கு வெளியே வாழ்ந்த ஜேர்மன் யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. துருக்கி அதிகாரிகள் அவர்களின் பத்திரங்களில் 'ஹைமாத்லோஸ்' என்று எழுதினார்கள். ஜேர்மன் சொல்லைத் துருக்கி உச்சரிப்பில் எழுதிய முத்திரை அது. பொருள், தாயகம் அற்றவர். எங்களில் பலர் கையில் வைத்திருந்த பயணப் பத்திரத்தின் நிறத்தை இன்னும் மறக்கவில்லை.

2016: கதிரை இடம் மாறியது

2016 ஜனவரி 11ஆம் திகதி, துருக்கியின் 89 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 1,128 கல்வியாளர்கள் ஒரு மனுவில் கையெழுத்திட்டு வெளியிட்டார்கள். குர்திஷ் மக்கள் வாழும் தென்கிழக்கு நகரங்களில் நாட்கணக்கில் ஊரடங்கும் இராணுவ நடவடிக்கையும் நடந்த நேரம். அந்தக் குற்றத்துக்கு நாங்கள் உடந்தையாக மாட்டோம் என்பதே மனுவின் சாரம். ஜனாதிபதி எர்டோகன் பகிரங்கமாக அவர்களைத் தாக்கிப் பேசினார். அதன் பிறகும் பலர் சேர்ந்து, கையெழுத்துகள் 2,212 ஆகின.

அதே வருடம் ஜூலை 15இல் இராணுவச் சதிப்புரட்சி முயற்சி ஒன்று தோற்றது. அவசரகாலச் சட்டம் வந்தது. சதியுடன் சம்பந்தம் உள்ளவர்களைத் தேடுவதாகச் சொல்லி வந்த ஆணைகள், மனுவில் கையெழுத்திட்டவர்களையும் வாரிச் சென்றன. ஜூலை 23ஆம் திகதி 15 பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. மொத்தத்தில் 6,000க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் ஆணைகள் மூலம் நீக்கப்பட்டார்கள்.

இந்த நீக்கம் எப்படி வேலை செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வர்த்தமானியில் பெயர்ப் பட்டியல் வரும். விசாரணை இல்லை, தனித்தனிக் காரணம் இல்லை. பெயர் வந்தவர் அரச சேவையில் மீண்டும் நுழைய முடியாது. கடவுச்சீட்டு இரத்து. தனியார் நிறுவனங்களும் அந்தப் பட்டியலைப் பார்த்துப் பயந்து வேலை கொடுக்காது. ஒருவரைச் சிறையில் போடாமலே வீட்டுக்குள் சிறைவைக்கும் முறை இது. பிறகு கையெழுத்திட்ட நூற்றுக்கணக்கானோர் மீது பயங்கரவாதப் பிரசாரம் என்று வழக்குகள் தொடரப்பட்டன. பெரும்பாலானோருக்கு 15 மாதச் சிறைத்தண்டனை, பலருக்கு அது ஒத்திவைக்கப்பட்டது.

அக்டோபரில் வந்த இன்னொரு ஆணை, ஆசிரியர்கள் வாக்களித்துப் பல்கலைக்கழகத் தலைவரைத் தெரிவுசெய்யும் முறையை ஒழித்தது. இனி ஜனாதிபதியே நியமிப்பார். கணக்காய்வாளரைக் காசாளர் நியமிப்பது என்று மேலே சொன்னோமே, அது இதுதான். 2021 ஜனவரியில் போகாசிசி பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை ஜனாதிபதி தலைவராக நியமித்தபோது, ஆசிரியர்கள் அங்கிகளுடன் தலைவர் அலுவலகத்துக்கு நாள்தோறும் முதுகைத் திருப்பி நின்றார்கள்.

2019 ஜூலை 26இல் துருக்கியின் அரசியலமைப்பு நீதிமன்றம், அந்த மனுவுக்காகத் தண்டித்தது கருத்துச் சுதந்திரத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எட்டுக்கு எட்டு என்று பிரிந்தார்கள். தலைமை நீதிபதியின் வாக்கே முடிவாயிற்று. வழக்குகளில் விடுதலைகள் வந்தன. ஆனால் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு வேலையைத் தானாகத் திருப்பித் தரவில்லை.

பாதுகாப்பு எப்படிக் கிடைக்கிறது?

ஆபத்தில் உள்ள ஆய்வாளர்களுக்கு இன்று உள்ள உதவிகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இடம் கொடுப்பது. 1999இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ஸ்கொலர்ஸ் அட் ரிஸ்க்' அமைப்பு இன்று பல நாடுகளின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு. பெவரிஜ் தொடங்கிய சபை 'காரா' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. பிரான்ஸில் 2017 முதல் 'பௌஸ்' என்ற திட்டம் உண்டு. ஜேர்மனியில் ஹம்போல்ட் நிறுவனமும் வெளிநாட்டு அமைச்சும் சேர்ந்து 2015இல் ஒரு திட்டம் தொடங்கின. அதற்கு வைத்த பெயர் பிலிப் சுவார்ட்ஸ். இஸ்தான்புல்லுக்கு ஜேர்மனியரைக் கூட்டிப்போனவரின் பெயரில், இப்போது துருக்கியிலிருந்து ஆய்வாளர்கள் ஜேர்மனிக்கு வருகிறார்கள்.

இரண்டாவது, பதிவு செய்வது. யார் நீக்கப்பட்டார், யார் கைதானார், எந்த நாளில் என்று தொடர்ந்து எழுதி வைப்பது. வழக்கு நடக்கும்போது வெளிநாட்டுப் பார்வையாளர்களை நீதிமன்றத்தில் உட்கார வைப்பது. வெளியார் பார்க்கிறார்கள் என்பது எல்லா நீதிபதியையும் மாற்றாது. சில நேரங்களில் சிலரை மாற்றும்.

மூன்றாவது, இருக்கும் இடத்திலேயே தாங்குவது. எல்லோரும் வெளியேற முடியாது. எல்லோரும் வெளியேறினால் அங்கே படிக்கும் பிள்ளைகளின் கதி என்ன? கொஜேலி பல்கலைக்கழகத்திலிருந்து 2016 செப்டெம்பரில் நீக்கப்பட்ட கல்வியாளர்கள், அதே நகரில் 'ஒற்றுமைக் கல்விக்கழகம்' ஒன்றை அமைத்துத் தொடர்ந்து பாடம் நடத்தினார்கள். 2017இல் ஜேர்மனியில் தொடங்கிய 'ஒவ்-யூனிவேர்சிட்டி' இணையவழியில் அப்படியான ஆசிரியர்களைப் பாடம் நடத்த வைக்கிறது.

நான்காவது, சட்டம். இது பெறுமதியானது, ஆனால் தாமதமாக வருவது. ஹங்கேரி அரசு 2017இல் சட்டத்தை மாற்றி, புடாபெஸ்டில் இருந்த மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தை நெருக்கியது. அந்தச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 அக்டோபர் 6இல் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழகமோ 2019இலேயே வியன்னாவுக்கு இடம்பெயர ஆரம்பித்துவிட்டது.

எல்லாவற்றிலும் பெரிய குறை காலம். இடம் கொடுக்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்று, இரண்டு வருடங்களுக்கானவை. அடக்குமுறை அரசுகளோ இரண்டு வருடத்தில் முடிவதில்லை. முதல் ஆறு மாதம் வீடு, வீசா, பாடசாலை என்று ஓடும். கடைசி ஆறு மாதம் அடுத்த வேலை தேடுவதில் போகும். இடையில் கிடைக்கும் ஒரு வருடத்தில்தான் ஆய்வு. கணவனோ மனைவியோ வேலையில்லாமல் வீட்டில். 'படித்தவர்களுக்கு எங்கும் வேலை கிடைக்கும்' என்ற எங்கள் அங்கத்தவரின் கூற்றுக்கு இதுதான் பதில்.

காலம் கடந்தும் திரும்பிப் போக முடியாதவர்களும் உண்டு. சுவார்ட்ஸ் போருக்குப் பின் பிராங்பேர்ட்டுக்குத் திரும்ப விரும்பினார். அவருடைய பழைய பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. 1977இல் அமெரிக்காவில் இறந்தார்.

எங்கள் சொந்தக் கணக்கு

இதையெல்லாம் நாம் ஏன் பொருட்படுத்த வேண்டும்? 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களை எண்ணிச் சொல்கிறோம். அவற்றை வாசித்து எழுத வேண்டியவர்களை எண்ணியிருக்கிறோமா? கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் ரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15இல் கொழும்பில் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை.

இன்னொரு பதிவையும் தாண்டிப்போக முடியாது. யாழ் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் டொக்டர் ரஜனி திராணகம, எல்லாத் தரப்புகளின் மீறல்களையும் பதிவுசெய்தவர். 1989 செப்டெம்பர் 21இல் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர்கள் எம்மவரே என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கூட்டங்களில் இதைப் பேச இன்றும் நாக்கு எழுவதில்லை. எண்ணிச் சொல்பவரைப் பிடிக்காத நோய் அரசுகளுக்கு மட்டும் உரியதல்ல.

2008 செப்டெம்பரில் ஐ.நா.வையும் உதவி நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு சொன்னது. சாட்சிகள் போன பிறகு நடந்தவற்றின் இறப்பு எண்ணிக்கைக்கு இன்றும் எல்லோரும் ஏற்கும் ஒரு எண் இல்லை. கிராமம் கிராமமாகப் போய் விசாரித்து, பயமில்லாமல் வெளியிட ஆய்வாளர்களுக்கு இடம் இருந்திருந்தால், எங்கள் இழப்பை ஒவ்வொரு மண்டபத்திலும் நாமே நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டிய தேவை குறைந்திருக்கும். குர்திஷ் நகரங்களில் நடந்ததைப் பற்றிக் கையெழுத்திட்ட துருக்கி ஆசிரியர்களில் பலர் குர்தியர் அல்லர். எங்களுக்காக அப்படிக் கையெழுத்திட்ட சிங்களக் கல்வியாளர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று நாம் ஒரு பட்டியலாவது வைத்திருக்கிறோமா?

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இவற்றைச் சொன்னோம். அதே மூத்த அங்கத்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். "வன்னிக் காசிலை கை வைக்க விடமாட்டன். ஆனா என்ரை நிலவறையிலை ஒரு மேசையும் ரெண்டு கட்டிலும் கிடக்கு" என்றார். வன்னிக்கான நிதியைத் தொடாமல், வாடகை முற்பணத்துக்கு வட்டியில்லாக் கடனாக ஒரு சிறு தொகை கொடுப்பதென முடிவாயிற்று. வீடு இன்னும் கிடைக்கவில்லை. குடும்பம் பல்கலைக்கழக விருந்தினர் அறையில் இருக்கிறது.

வாசிக்கும் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூன்று. உங்கள் நகரப் பல்கலைக்கழகத்தில் இப்படி ஆய்வாளர்கள் இருக்கிறார்களா என்று சர்வதேச அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். வீடு, பாடசாலை அனுமதி, வெளிநாட்டவர் அலுவலகப் படிவம் ஆகிய மூன்றிலும் எங்களுக்கு முப்பது வருட அனுபவம் உண்டு; அதைக் கொடுக்கக் காசு தேவையில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்கள் பிள்ளைகளிடம், அவர்களின் ஆசிரியர்களில் யாராவது இப்படி வந்தவரா என்று கேளுங்கள். எங்கள் பகுதியில் மூன்று அறை வீடு வாடகைக்கு இருப்பது தெரிந்தால், சங்கத்துக்கு ஒரு அழைப்பு எடுங்கள்.